மருந்து நிறுக்கும் தராசு

பிலிப்ஸ்பர்க், மொன்டானா
ஜூன் 11, 2006

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறாயா? முழங்கால் வலி போன குளிர்காலத்தில் ரொம்பப் படுத்தியதா? எனக்குக் காது தவிர மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மரம் அறுக்கும் ஆலையும் துப்பாக்கியும் தின்றதுபோக மிச்சம் இருந்த காதும் போய்விட்டது. போன வாரம் தொலைபேசியில் நீ அரைமணி நேரம் பேசினாய். எனக்குக் கேட்டது என் பெயர் மட்டும்தான். கடிதமே எழுதிக்கொள்வோம்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். சுட்டுத் தீர்ந்த தோட்டா உறைகளில் நானே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்வேன் என்பது உனக்குத் தெரியும். அதற்கு வைத்திருக்கும் டிஜிட்டல் தராசின் மேல் நம்பிக்கை போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன். விற்பனைப் புத்தகத்தைத் திறந்தால் இருபது வகை இருக்கிறது, எல்லாம் 'துல்லியம்' என்றே சொல்கிறது. நீ முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து நிறுத்தவள். நான் நிறுப்பதும் மருந்துதான், கொஞ்சம் வேறு மருந்து. எதை வாங்கலாம், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுது.

இங்கே மலை உச்சியில் இன்னும் பனி இருக்கிறது. எங்கள் கல்யாண நாள் என்பதால் கானியின் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிவிட்டு வந்தேன்.

உன் தம்பி,
வெர்லின்


டுலூத், மினசோட்டா
ஜூன் 19, 2006

அன்புள்ள தம்பி வெர்லினுக்கு,

நான் நலம். ஏரியிலிருந்து மூடுபனி வந்து மூன்று நாளாக எதிர்வீடு தெரியவில்லை. முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அப்படியேதான் இருக்கிறது.

பதினைந்து வருஷத்தில் முதல் முறையாக எனக்குத் தெரிந்த ஒன்றை என்னிடம் கேட்டிருக்கிறாய். அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நீங்கள் எடை சொல்லும் கிரெயின், எங்கள் பழைய மருந்துக் கணக்கிலும் இருந்ததுதான். ஒரு கிராமைப் பதினைந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கிலும் பத்தில் ஒன்றைக் காட்டுகிற தராசு உனக்கு வேண்டும். ஆனால் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதே.

பேட்டரி மட்டும் போட்டு ஓடுவதை வாங்காதே. சுவரில் செருகுவதாக வாங்கு. சோதனை எடைக்கல் கூடவே வருகிறதா என்று பார். வேலைக்கு அரைமணி நேரம் முன்பே போட்டு விடு, அது சூடேற வேண்டும். கணப்புக் காற்று வரும் இடத்திலும், கண் சிமிட்டும் குழல் விளக்குக்கு அடியிலும் வைக்காதே. இன்னொன்று, சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் மலிவான தராசுகள் அதைக் கவனிக்கவே கவனிக்காது. தட்டை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பத்து தடவை நிறுத்த பிறகு ஒரு தடவை எடைக்கல்லை வைத்துப் பார்.

பழைய தராசு என்ன பண்ணியது? அதை நீ எழுதவில்லை.

டெல்மர் எப்படி இருக்கிறான்? உன் ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அடித்த கூத்து ஒன்றாவது இருக்கும். இந்தத் தடவை காணோம். அவனையும் அவன் மனைவி ஜோனெட்டையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ஆர்டித்


பிலிப்ஸ்பர்க்
ஜூலை 9, 2006

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஏறிவிட்டது, காட்டுத் தீப் புகை இன்னும் வரவில்லை.

நீ சொன்னபடியே ஒன்று வாங்கினேன். அடிப்பகுதி கனமானது, சுவரில் செருகுவது, இரண்டு எடைக்கல்லும் வந்தன. ஒரு வாரமாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் கல்லை வைத்தால் சரியாக இருக்கிறது, மாலையிலும் அப்படியே. ஒரு நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து நாற்பது தடவை வைத்து எடுத்தேன். இரண்டு தடவைதான் கடைசி இலக்கம் மாறியது.

ஒரு கேள்வி. ஒரு தராசு மோசமாகக் கெட்டுப்போனால் எவ்வளவு தூரம் தப்பாகக் காட்டும்? கொஞ்சமாகவா, நிறையவா? நீ பார்த்ததிலேயே மோசமானது எது? அதை மட்டும் எழுது.

வெர்லின்


டுலூத்
ஜூலை 17, 2006

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டத்தில் பட்டாணி காய்த்துத் தள்ளுகிறது, உரிக்கத்தான் ஆள் இல்லை.

நாற்பது தடவையா? தோட்டா நிரப்பத்தானே அதை வாங்கினாய், காவல் காக்கவா?

நான் பார்த்ததிலேயே மோசமானது, தரையில் விழுந்த தராசு. அது எல்லாவற்றையும் சம அளவில் கூட்டிக் காட்டியது. ஆனால் தராசைப் பார்க்காமல் நான் எதையும் சொல்லமாட்டேன். பழையதை எனக்கு அனுப்பு. என் சிநேகிதி ஒருத்தியின் ஆய்வகத்தில் முத்திரையிட்ட எடைக்கற்கள் இருக்கின்றன. உட்கார்ந்து முழுதாகப் பார்த்துச் சொல்கிறேன்.

டெல்மரைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. இரண்டு பேருக்கும் சண்டையா? அறுபது வயதில் என்னடா சண்டை?

அன்புடன்,
ஆர்டித்


பிலிப்ஸ்பர்க்
ஆகஸ்ட் 2, 2006

அன்புள்ள அக்கா,

இத்தோடு பழைய தராசு வருகிறது. நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சண்டை இல்லை. மே மாதம் இருபதாம் தேதி ஜல்லிக்குழியில் நாங்கள் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். பெர்ரி பறிக்கப் போகும்போது கரடிக்கென்று டெல்மர் இடுப்பில் ஒரு ரிவால்வர் வைத்திருப்பான். அது அவன் கையிலேயே வெடித்துவிட்டது. இடது கையில் கடைசி இரண்டு விரலும் போய்விட்டன. கன்னத்தில் ஏழு தையல். கண் தப்பியது. தோட்டா நான் நிரப்பியது.

தராசுதான் காரணம். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மிஸூலாவில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் துண்டுகளைப் பார்த்துவிட்டு, அளவுக்கு இரண்டு மடங்கு மருந்து இருந்திருக்க வேண்டும் என்றார். ஜோனெட் தராசு செய்த கம்பெனிக்கு நஷ்டஈடு கேட்டு எழுதப்போகிறாள். தராசு தெரிந்த ஒருவர் எழுத்தில் சொன்னால் பலமாக இருக்கும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் காப்பீடு கிடையாது, அக்கா. பணம் கட்டாத ஆஸ்பத்திரி பில்களை ஜோனெட் ஒரு ஷூ பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்தத் தராசு தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தா. உன் பெயரும், முப்பது வருஷம் வேலை பார்த்ததும் போட்டால் போதும்.

வெர்லின்


டுலூத்
ஆகஸ்ட் 15, 2006

அன்புள்ள வெர்லின்,

டெல்மருக்கு நடந்ததைப் படித்தேன். மூன்று மாதமாக இதை நீ ஒருவனாகச் சுமந்துகொண்டிருக்கிறாய். இப்போதாவது சொன்னாயே. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தராசை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். சூடேறாமல் பார்த்தேன், மின்விசிறிக்கு முன்னால் பார்த்தேன், பேட்டரி தீரும் நிலையில் பார்த்தேன், சாய்த்து வைத்தும் பார்த்தேன். எவ்வளவு தொந்தரவு கொடுத்தும் அது ஒரு கிரெயினில் பாதிக்கு மேல் தவறவில்லை. மலிவான தராசுதான். ஆனால் கெட்ட தராசு இல்லை.

இரண்டை ஒன்றாக எந்தத் தராசும் காட்டாது, வெர்லின். அப்படிக் காட்டியிருந்தால் அந்தப் பெட்டியில் இருந்த ஐம்பது தோட்டாவும் அப்படித்தான் இருந்திருக்கும். டெல்மர் அதற்கு முன்னால் ஒன்றும் சுடவில்லையா? மிச்சம் இருந்ததை நீ பிரித்து எடை போட்டாயா?

நீ கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது.

உன் அக்கா,
ஆர்டித்


பிலிப்ஸ்பர்க்
ஆகஸ்ட் 24

அக்கா,

நான் ஒரு பக்கம் எழுதித்தரக் கேட்டேன். நீ போலீஸ் மாதிரி விசாரிக்கிறாய். யாரும் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. மலிவான தராசு என்று நீயே சொல்கிறாய், அதை எழுதினால் என்ன?

உனக்கென்ன. முப்பது வருஷம் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தப்பும் பண்ணாமல் வீட்டுக்கு வந்தவள். தராசைத் திருப்பி அனுப்பு. ஜோனெட்டுக்கு வேண்டும்.

வெர்லின்


டுலூத்
செப்டம்பர் 10, 2006

அன்புள்ள தம்பிக்கு,

தராசைத் தனியாக அனுப்பிவிட்டேன். நீ என் நலத்தைக் கேட்காமல் எழுதிய முதல் கடிதத்தை நாலு தடவை படித்தேன். என் நலத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

முழங்கால் வலியால் வேலையை விட்டேன் என்று நீயும் நினைக்கிறாய், கானியும் கடைசி வரை அப்படித்தான் நினைத்தாள். முழங்கால் வலிப்பது உண்மை. வேலையை விட்டது அதனால் இல்லை.

1994 பிப்ரவரியில், நாலு மாதக் குழந்தை ஒன்றுக்கு இதய மருந்தைப் பொட்டலம் பொட்டலமாக நிறுத்துக் கொடுத்தேன். கணக்குப் போடும்போது புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்துவிட்டேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் பத்து மடங்கு. இரண்டாவது வேளை கொடுத்த பிறகு ஒரு நர்ஸுக்குச் சந்தேகம் வந்து நிறுத்தினாள். குழந்தை பதினோரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தது. பிழைத்தது.

அன்றைக்கு நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஆறு தடவை பார்த்தேன். தப்பாகக் காட்டு, ஒரே ஒரு தடவை தப்பாகக் காட்டு என்று கெஞ்சினேன். அது சரியாகவே காட்டியது. இருந்தும் மேலதிகாரியிடம் தராசு பழுது என்றுதான் சொன்னேன். கணக்குத் தாளைக் கிழித்துப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். தராசைப் பெட்டியில் வைத்துப் பழுது பார்க்க அனுப்பினார்கள். 'குறை எதுவும் இல்லை' என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது. அதற்குள் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

குழந்தையின் அம்மா வீட்டுக்குப் போகும் நாளில் மருந்தகத்துக்கு வந்தாள். "உங்க எல்லாராலயும்தான் என் புள்ள பொழைச்சான்" என்று சொல்லி ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தாள். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன், வெர்லின். அடுத்த மாதம் முழங்கால் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன்னை விசாரிக்க நான் கேட்கவில்லை. நாற்பது தடவை எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன் என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரியும்.

உன் அக்கா


டுலூத்
அக்டோபர் 8, 2006

அன்புள்ள தம்பி,

நான் நலம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் மேல் கோபமாக இரு, பரவாயில்லை. உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் ஓர் அட்டையில் எழுதிப் போடு.

ஆர்டித்


பிலிப்ஸ்பர்க்
அக்டோபர் 29, 2006

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். நீ நலமா? இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. இரண்டு வாரம் அதை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். விபத்து நடந்த மறுநாளே எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டேன். டெல்மர் முதலில் ஐந்து நன்றாகச் சுட்டான், ஆறாவதுதான் வெடித்தது. மீதி நாற்பத்து நாலும் மயிரிழை பிசகாமல் இருந்தன. மே மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். அந்தத் தோட்டாக்களுக்கு நான் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது டெல்மர் உள்ளே வந்தான். அவன் மருமகன் ஏரியில் படகை முழுக வைத்த கதையைச் சொன்னான். நான் சிரித்துத் திரும்பினேன். திரும்பவும் குனிந்தபோது எந்த உறை வரை ஊற்றியிருந்தேன் என்று பார்க்காமல் ஊற்றினேன். விளக்கைப் பிடித்து உள்ளே ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எப்போதும் பார்ப்பேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

பதினாறாம் தேதி ஜோனெட் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டாள். தராசு பழுதென்று நான் சத்தியம் செய்கிற தாள். வைத்துவிட்டுப் போ என்றேன். அவள் போனதும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

டெல்மர் கொட்டகையில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, தபால்காரன் வேலைய நீ எடுத்துக்கிட்டியா? ஜோனெட் வந்து வாங்கிக்கிடுவாளே."

"கையெழுத்துப் போடல."

"ஏன், பேனா இல்லையா?"

"தராசுல ஒரு கோளாறும் இல்ல டெல்மர். நான்தான் ஒரே உறையில ரெண்டு தடவ ஊத்திட்டேன்."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். முதுகைப் பார்த்து எனக்கு எப்படிக் கேட்கும்? அக்கா, என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அந்த நேரத்தில் "என்ன சொன்ன?" என்று கேட்டதுதான்.

அவன் திரும்பி என் முகத்துக்கு நேராகச் சொன்னான். "எனக்குத் தெரியும்னு சொன்னேன்."

"எப்பருந்து?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே. அங்க மோட்டப் பாக்குறதத் தவிர வேற என்ன வேலை? நீ ஊத்திக்கிட்டிருக்கப்ப வந்து வாயளந்தவன் நான்தானே. நீ திரும்பிச் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஜூன்ல சொல்லுவேன்னு பாத்தேன், ஜூலைல பாத்தேன். அப்புறம் நீ எங்க வீட்டுப் பக்கமே வர்றத விட்டுட்ட. வெரல் போனதக் கூட விடு, முப்பது வருஷமா என்கூட மலையேறுன ஆளும் போயிட்டானேன்னு இருந்துச்சு."

அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

"ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நீ ரொப்புன தோட்டா இனி என் துப்பாக்கியில ஏறாது. சாகுற வரைக்கும் ஏறாது. அதுக்காகக் காபி குடிக்காமப் போகாத."

கொட்டகைக் கதவருகில் ஜோனெட் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினாள், நாலாக மடித்து அடுப்பில் போட்டாள்.

"அஞ்சு மாசம்," என்றாள். "அஞ்சு மாசமா அந்தக் கம்பெனிக்காரனத் தெனமும் திட்டிக்கிட்டே அவன் புண்ணக் கழுவி விட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லல. வெளிய போ வெர்லின்."

டெல்மர், "ஜோனெட், வுடு," என்றான். அவள் விடவில்லை. நான் வெளியே வந்தேன். காபி குடிக்கவில்லை.

மறு வாரம் என் படகையும் இரண்டு நல்ல ரைஃபிள்களையும் விற்று அந்தப் பணத்தை ஆஸ்பத்திரியிலேயே கட்டிவிட்டேன். பாதிக்குக் கூடப் போதாது. மீதிக்கு மாதா மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டெல்மருக்குத் தெரிந்து, அந்த ரைஃபிளையா விற்றாய் மடையா என்று சீட்டு எழுதி அனுப்பினான்.

நான் அப்படி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. உன் வெள்ளைக் கோட்டைப் பற்றி.

உன் தம்பி,
வெர்லின்


டுலூத்
நவம்பர் 20, 2006

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்ட விதத்திலேயே பதில் சொல்கிறேன்: உண்மையாகவே நன்றாக இருக்கிறேன், தூக்கம் மட்டும் குறைவு.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்தக் குழந்தையின் அம்மாவைத் தேடினேன். தேடுவது கஷ்டமாக இருக்கும் என்று பன்னிரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசிப் புத்தகத்தில் இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், இருபது நிமிஷ தூரம். நாலு பக்கம் எழுதிப் போட்டேன்.

போன வியாழக்கிழமை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். பையன் நன்றாக இருக்கிறானாம், ஐஸ் ஹாக்கி விளையாடுகிறானாம். "அன்னிக்கு அவனுக்கு என்ன ஆச்சுன்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாது. நான்தான் பால்ல ஏதோ தப்பாக் கலந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். பிறகு, "சொன்னதுக்கு நன்றி. இனிமே எழுதாதீங்க," என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது நியாயம். நான் எழுதமாட்டேன். ஆனால் பாலில் ஒன்றும் தப்பில்லை என்று அவளுக்கு இப்போது தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு ரயில் ஏறலாம் என்றிருக்கிறேன். மாடியறையில் கட்டில் இருக்கிறதா, இல்லை அங்கேயும் தோட்டா உறைகளா?

உன் அக்கா,
ஆர்டித்


பிலிப்ஸ்பர்க்
டிசம்பர் 3, 2006

அன்புள்ள அக்கா,

கட்டில் இருக்கிறது. உறைகளை எல்லாம் வாளியில் கொட்டிக் கீழே இறக்கிவிட்டேன். புதுத் தராசு ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குளிர்காலம் நான் ஒன்றும் நிரப்பப்போவதில்லை. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அந்தப் பெண் சொன்னதைப் படித்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். வா, பேசுவோம். என் முகத்தைப் பார்த்துப் பேசு, போதும்.

இங்கே ஒரு முழம் பனி. டெல்மர் ஒரு பெண் எல்க் மானைச் சுட்டான், கடையில் வாங்கிய தோட்டாவால். நான் துப்பாக்கி இல்லாமல் அவனோடு போய்க் கறியைச் சுமந்துகொண்டு வந்தேன். அந்தக் கையால் அவனுக்குக் கோடாலி பிடிக்க வராது. அதனால் தினமும் மத்தியானம் போய் அவர்கள் விறகை நான் உடைத்துக் கொடுக்கிறேன். அவன் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து குறை சொல்வான்.

"புடிக்கிற அழகப் பாரு. எட்டு வெரல்ல நான் இதவிட நல்லா ஒடைப்பேன்."

"அப்ப எந்திரிச்சு வந்து ஒடை."

"வெரல் இல்லாதவன வேலை வாங்குறியே, நீயெல்லாம் மனுசனா?"

ஜோனெட் சமையலறை ஜன்னலில் நிற்பாள். ஒன்றரை மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் உள்ளே போவதில்லை. வேலை முடிந்ததும் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நேற்று அவள் வெளியே வந்தாள். நான் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"இது என் அடுப்புல நொழையாது. சின்னதா ஒடை."

"எவ்வளவு சின்னதா?"

அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அப்புறம் கொஞ்சம் குறுக்கிக் காட்டினாள். நான் அந்த அளவைப் பார்த்துக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள், கதவை அடித்துச் சாத்தவில்லை.

ஏற்கெனவே அடுக்கியிருந்ததை எல்லாம் இறக்கி, இருட்டும் வரை அந்த அளவுக்கே உடைத்தேன்.

ரயில் எந்த நாளில் வருகிறது என்று எழுது. ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் தம்பி,
வெர்லின்